புரொஸ்பெக்ட் மலைக்கு மேற்கே என்ன?

டென்மார்க்குக்கு வந்த தமிழர்களில், ஒன்றரை வருடம் டென்மார்க்கில் இருந்துகொண்டே டென்மார்க்கில் கால் வைக்காத ஒரே மனிதர் எங்கள் கவர்னர்தான். சாப்பிட்டது டென்மார்க் உருளைக்கிழங்கு. நனைந்தது டென்மார்க் மழையில். போட்டிருந்தது டென்மார்க்கில் யாரோ தானமாகக் கொடுத்த கோட்டு. ஆனால் ஆள் இருந்தது அவுஸ்திரேலியாவில், சிட்னிக்கு மேற்கே உள்ள டூங்காபி என்ற புறநகரில். அதுவும் இன்றைய டூங்காபியில் அல்ல. ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறுகளின் டூங்காபியில்!

எண்பதுகளின் நடுப்பகுதி அது. இக்காஸ்ட் நகரத்தின் ஓரத்தில், ரயில் பாதைக்குப் பக்கத்தில், ஒரு காலத்தில் மாணவர் விடுதியாக இருந்த மஞ்சள் கட்டடத்தில் எங்களைக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். அறைக்கு மூன்று பேர். என் அறையில் நான், யோகன், கவர்னர். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை வேலைக்குப் போக முடியாது. ஆகவே சமைப்போம், சமைத்ததைப் பற்றிச் சண்டை பிடிப்போம், சண்டை முடிந்ததும் ஜன்னலால் மழையைப் பார்ப்போம். யோகனுக்கு வயது இருபத்திரண்டு, வாய்க்கு வயது ஐம்பது. கவர்னர் என்ற பட்டத்தைச் சூட்டியவன் அவன்தான்.

கவர்னருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த தேகம், எண்ணெய் வைத்துப் படிய இழுத்த தலை, கலியாணம் கட்டாத ஆள். யாழ்ப்பாணத்தில் தபால் கந்தோரில் இருபது வருடம் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்தவர். கொண்டுவந்த பையில் இரண்டு சேட்டு, ஒரு சாரம், ஒரு சின்னப் புத்தகம். அந்தப் புத்தகம்தான் எங்கள் எல்லோரையும் பிடித்த சனி.

டூங்காபியில் அவருடைய அக்கா குடும்பம் இருந்தது. அக்கா அவரை அங்கே எடுப்பதற்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, தம்பி இடத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளட்டும் என்று தன் பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் அச்சடித்த ஊர் வரலாற்றுப் புத்தகத்தை அனுப்பியிருந்தார். நாற்பது பக்கம். அக்கா நினைத்தது, தம்பி பொழுதுபோக்காக வாசிப்பான் என்று. தம்பி நினைத்தது, இதுதான் பாடத்திட்டம் என்று.

யாழ்ப்பாணத்து மனிதனுக்கு நேர்முகம் என்றால் பரீட்சை. பரீட்சை என்றால் மனப்பாடம். ஒரு நாள் அவுஸ்திரேலியத் தூதரகத்தில் கூப்பிடுவார்கள், டூங்காபியின் புவியியலையும் ஆரம்ப வரலாற்றையும் கேட்பார்கள், ஐம்பது மார்க்குக்குக் கீழே எடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று கவர்னர் சத்தியமாக நம்பினார். ஆகவே விடிந்ததும் ஆளைப் பிடிப்பார்.

"தம்பி, ஒரு கேள்வி கேள்."

"அண்ணை, நான் பல்லு மினுக்கிறன்."

"வாயிலை பிரஷ் இருந்தால் என்ன? கேள்."

"சரி, டூங்காபி எப்ப துவங்கினது?"

"ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றொண்டு. சிட்னி முதலாவது, பரமட்டா இரண்டாவது, டூங்காபி மூண்டாவது குடியேற்றம். அரசாங்கப் பண்ணை. மரம் வெட்டினது ஆர்? கைதியள். வண்டில் இழுத்தது மாடோ? இல்லை, கைதியள். இனி ஓடையைக் கேள்."

ஓடையைக் கேட்டால் அது எந்த ஓடையோடு சேர்ந்து பரமட்டா ஆறாகிறது என்று வரும். ஆற்றைக் கேட்டால் மண் வரும். மண்ணைக் கேட்டால், சில வருடத்தில் மண் சத்துக் கெட்டுப் பண்ணையைக் கைவிட்ட சோகக் கதை வரும். இதற்கிடையில் என் வாயில் பற்பசை காய்ந்து இறுகிவிடும்.

அடுப்படியில் பருப்பு அவிய வைத்தவனும் தப்ப முடியாது. உடுப்புக் கழுவும் மெஷினுக்கு முன்னால் வரிசையில் நிற்பவனும் தப்ப முடியாது. ஒருநாள் யோகன் கழிப்பறைக்குள் ஓடிப்போய்க் கதவைப் பூட்டினான். கவர்னர் வெளியில் நின்றார். "யோகன், உள்ளுக்கை சும்மாதானே இருக்கிறாய், புரொஸ்பெக்ட் மலையைக் கேள்!"

உள்ளேயிருந்து அழாக்குறையாகக் குரல் வந்தது. "அண்ணை, முதல்லை என்னை ஒரு வேலையை முடிக்க விடுங்கோ!"

இவ்வளவோடு நின்றிருந்தால் விசர் மனிசன் என்று விட்டிருப்போம். அவர் அடுத்த கட்டத்துக்குப் போனார். படிப்பு மனதில் நிற்க வேண்டுமானால் கண்ணால் பார்க்க வேண்டுமாம். டூங்காபியைப் பார்க்க வழியில்லை. ஆகவே இக்காஸ்டை டூங்காபியாக மாற்றிவிட்டார். யோகன் கவர்னர் பட்டத்தைச் சூட்டியது அன்றுதான்.

எங்கள் மஞ்சள் கட்டடம் டூங்காபி. பின்னால் இருந்த உருளைக்கிழங்குத் தோட்டம் அரசாங்கப் பண்ணை. அதற்கும் எங்களுக்கும் நடுவில் ஓடிய முழங்கால் ஆழத் தண்ணீர் டூங்காபி ஓடை. கடைத்தெரு பரமட்டா. பக்கத்துப் பெரிய பட்டணமான ஹேர்னிங், சிட்னி. பனிக்காலத்தில் பிள்ளைகள் சறுக்கி விளையாடும் ஒரு மண்மேடு கடைத்தெருவுக்குப் போகும் வழியில் இருந்தது. அதுதான் புரொஸ்பெக்ட் மலை. இக்காஸ்ட் இருக்கும் யூட்லாந்துப் பகுதியில் மலை என்ற சாமானே கிடையாது. அந்த மேட்டைச் சைக்கிளில் போகிறவர்கள் இருக்கையை விட்டு எழும்பாமலே கடந்து போவார்கள்.

நாங்கள் சிரித்தோம். ஆனால் டேனிஷ் பெயர்கள் எங்கள் வாய்க்குள் அடங்கவில்லை. எழுத்தில் ஒரு முழம் இருக்கும், அவர்கள் சொல்லும்போது பாதியை விழுங்கிவிடுவார்கள். கவர்னரின் பெயர்களோ சுகமாக வந்தன. இரண்டு மாதத்தில் முழுக் கட்டடமும் அதையே கதைத்தது. "பரமட்டாவுக்குப் போறன், ஆருக்கும் வெங்காயம் வேணுமோ?" என்று ஒருவன் கத்துவான். "மலையடியிலை நிக்கிறன், வா" என்பான் இன்னொருவன். எங்களுக்குப் பொறுப்பாக இருந்த கியர்ஸ்டன் என்ற டேனிஷ் பெண்மணி, நாங்கள் ஒருநாளும் வெளியே போவதில்லை, அவுஸ்திரேலியாவைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம் என்று கவலைப்பட்டாராம்.

ஒருநாள் நான் அவரைச் சீண்டினேன். "அண்ணை, வெள்ளைக்காரன் அங்கை போய்த் தன்ரை பேரை வைச்ச மாதிரி, நீங்களும் இஞ்சை வந்து பேர் வைக்கிறியள். உதென்ன நியாயம்?"

மனிசனுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. "இல்லைத் தம்பி. அங்கை போன முதல் வெள்ளைக்காரக் கவர்னர் கன இடத்திலை பேரை மாத்தினாலும், டூங்காபிக்கு அந்த மண்ணின்ரை சனம் சொன்ன பேரை விட்டவன். தண்ணிக்குக் கிட்டவான இடமாம். நானும் ஒரு பேரையும் அழிக்கேல்லை. எல்லாம் எழுதி வைச்சிருக்கிறன். இடப்பேரை அழிச்சால் கடிதம் எங்கை போய்ச் சேரும்?"

எழுதி வைத்திருக்கிறேன் என்று அவர் சொன்னதை அப்போது நான் காதில் வாங்கவில்லை.

அடுத்து வந்தது பொலிஸ் நேர்முகம். அகதியாக வந்த எல்லோரிடமும் டேனிஷ் பொலிஸ் கதை கேட்கும். கோப்பன்ஹேகனிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர் வருவார். அவர் திருச்சிப் பக்கத்துக்காரர், பொறுமையான மனிதர். செவ்வாய்க்கிழமை நேர்முகம் என்று கியர்ஸ்டன் சொன்னதும், கவர்னர் அதை அவுஸ்திரேலியப் பரீட்சை என்றே எடுத்துக்கொண்டார். முதல்நாள் முழுக்கப் படிப்பு. காலையில் தலைக்கு எண்ணெய், கோட்டு, சட்டைப் பையில் இரண்டு பேனை. பேனை எழுதாமல் விட்டால் பரீட்சை போய்விடுமே!

பொலிஸ்காரர் தட்டெழுத்து மெஷினில் கடதாசியைச் செருகிவிட்டு, எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து சொல்லச் சொன்னார். கவர்னரும் தொடக்கத்திலிருந்து சொன்னார். அந்த மண்ணில் முதலில் இருந்த சனங்கள், பிறகு கப்பலில் வந்தவர்கள், மரம் வெட்டியது, பசி, சவுக்கடி, வண்டில் இழுத்தது, தங்கள் நிலம் போன கோபத்தில் அந்தச் சனங்கள் சோளன் தோட்டத்தைக் கொளுத்தியது. மொழிபெயர்ப்பாளர் முகத்தைத் துடைத்துத் துடைத்து மொழிபெயர்த்தார். பொலிஸ்காரர் பாவம், உருக்கத்தோடு ஐந்து பக்கம் அடித்துவிட்டார். கடைசியில்தான் கேட்டார், இந்தச் சவுக்கடி நடந்தபோது உங்களுக்கு எத்தனை வயது?

"ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறுகளிலை நான் பிறக்கேல்லை, ஐயா" என்றார் கவர்னர் பணிவாக.

இரண்டு மணித்தியாலம்! ஐந்து பக்கமும் குப்பைக் கூடைக்குள் போனது. இது அவுஸ்திரேலியா நேர்முகம் அல்ல, டென்மார்க் நேர்முகம், உங்களுக்கு என்ன நடந்தது என்று சொல்லுங்கள் என்று மொழிபெயர்ப்பாளர் கிட்டத்தட்ட கெஞ்சினார். கவர்னர் இரண்டு பேனையையும் எடுத்து மேசையில் வைத்தாராம். பிறகு சொன்னது மூன்று வசனம்தான். "கந்தோரை எரிச்சுப்போட்டாங்கள். பிரிக்காத கடிதம் மூண்டு சாக்கு உள்ளுக்கை கிடந்தது. என்னாலை எடுக்க முடியேல்லை." பொலிஸ்காரர் அதை மெதுவாக அடித்தாராம். இதை மொழிபெயர்ப்பாளர் எனக்குப் பின்னொரு நாள் சொன்னார். கவர்னர் எங்களிடம் சொன்னது, "முதல் பகுதி நல்லாச் செய்தன், ரண்டாம் பகுதியிலை கொஞ்சம் தடுமாறிப்போனன்" என்று மட்டும்தான்.

இனி என் கதைக்கு வருகிறேன். என் மனைவி மனோவும் நான்கு வயது மகள் துளசியும் அப்போது ஊரில். அங்கே ஒவ்வொரு நாளும் செய்தி மோசமாகிக்கொண்டிருந்தது. வெளிநாட்டில் இருக்கும் கணவன் எழுதும் கடிதத்தில் உண்மை குறைவாகவும் இயற்கை வர்ணனை கூடுதலாகவும் இருக்கும். நானும் அப்படித்தான். மழையையும் என் அழுகையையும் எழுத மனமில்லாமல் மலையை எழுதினேன். "நாங்கள் இருக்கிற இடம் டூங்காபி. பின்னாலை அரசாங்கப் பண்ணை. பக்கத்தாலை ஓடை. பரமட்டாவுக்கு நடந்தே போகலாம். வழியிலை புரொஸ்பெக்ட் மலை" என்று பக்கம் பக்கமாக. உறையின் வெளிப்பக்கத்தில் கியர்ஸ்டனின் அலுவலகத்து ரப்பர் முத்திரை சரியான விலாசத்தைச் சொல்லும், எனக்கென்ன கவலை?

ஒரு கடிதத்தில் மனோ கேட்டிருந்தாள். "மலையிலை ஏறினால் மூச்சு வாங்குமோ?"

"கொஞ்சம் வாங்கும்" என்று பதில் எழுதினேன். புளுகுக்கும் ஒரு அளவு வேண்டும். எனக்கு இருக்கவில்லை.

அடுத்த வருடம் வசந்தத்தில், காணி ஈடு வைத்து, ஏஜென்டைப் பிடித்து, மனோ பிள்ளையோடு புறப்பட்டுவிட்டாள். எந்த நாள் வந்து சேர்வாள் என்று எனக்குத் தெரியாது. ஏஜென்ட் எல்லோருக்கும் சொல்லும் புத்தியைத்தான் அவளுக்கும் சொல்லியிருக்கிறான். விமானம் இறங்குவதற்கு முன் கடிதம், உறை, கடதாசி எல்லாவற்றையும் கிழித்துக் கழிப்பறையில் போட்டுவிட வேண்டும். அவளும் நல்ல மாணவி. கிழித்துப் போடுமுன் என் கடிதங்களை மனப்பாடம் செய்துவிட்டாள். உறையில் இருந்த ரப்பர் முத்திரையைத்தான் மனப்பாடம் செய்யவில்லை.

ஒருநாள் காலை பத்து மணி. கியர்ஸ்டன் படியேறி ஓடி வந்து என்னைக் கூப்பிட்டார். அலுவலகத்தில் தொலைபேசி. மறுமுனையில் அந்தத் திருச்சிக்கார மொழிபெயர்ப்பாளர்.

"சார், மனோரஞ்சிதம்னு ஒரு அம்மா, கூட ஒரு குழந்தை. உங்க வொய்ஃபா?"

"ஓம், ஓம்! எங்கை நிக்கினம்?"

"ஏர்போர்ட்லதான். கொஞ்சம் சிக்கலாயிடுச்சு சார். புருஷன் எங்கன்னு போலீஸ் கேட்டா, டூங்காபின்னு சொல்றாங்க. ஆபீசர் அட்லஸ எடுத்துப் பாத்துட்டாரு. அது சிட்னில இருக்கு. அப்ப இந்தம்மா ஆஸ்திரேலியா போறவங்க, நம்ம நாட்டுக்கு வந்தவங்க இல்ல, சாயங்கால ஃப்ளைட்ல ஏத்தி விட்ருங்கன்னு சொல்றாரு."

"ஐயோ, எந்த ஃபிளைட்டிலை? எங்கை?"

"வந்த வழியேதான். டூங்காபின்னு கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது சார். அந்தப் பேர என்னால மறக்க முடியுமா? ரெண்டு மணி நேரம்! இக்காஸ்ட்ல ஒரு கேம்ப்புக்கு ஃபோன் பண்ணிப் பாக்கலாம்னு கெஞ்சிக் கூத்தாடி லைன் வாங்கியிருக்கேன். நீங்க ரெண்டு பேரும் பேசிக்கக் கூடாதாம். சொல்லிக் குடுத்துடுவீங்களாம். அந்தம்மா இடத்தப் பத்தி நிறைய சொல்லியிருக்காங்க. நீங்களும் அதே மாதிரி சொன்னா ஆபீசர் நம்புவாரு. ஸ்டேஷன்ல இறங்கி எப்படி வரணும், சொல்லுங்க."

நான் வாயைத் திறந்தேன். "ஸ்டேசனிலை இறங்கி, பரமட்டாவாலை வந்து…" என்றேன். அவ்வளவுதான். ஒரு வருடமாக நடந்த தெருவின் டேனிஷ் பெயர் ஒன்றுகூட என் தலையில் இல்லை. "மலையைச் சுத்தி… ஓடையைக் கடந்து…"

மறுமுனையில் டேனிஷில் ஏதோ பேச்சு, ஒரு சிரிப்பு. "சார், புருஷனும் ஆஸ்திரேலியாலதான் இருக்காரு போலன்னு சிரிக்கிறாரு சார்" என்றார் திருச்சிக்காரர். அவர் குரலே உடைந்துவிட்டது. அவருக்குப் பின்னால் ஒரு பிள்ளை அழுவது கேட்டது. ஒரு வருடத்துக்கு மேலாகக் கேட்காத அழுகை. துளசிதான். பின்னால் வந்து நின்ற யோகனிடம், கவர்னரைக் கூட்டி வா என்று கத்தினேன்.

யோகன் ஓடிப்போய்க் கவர்னரைக் கூட்டி வந்தான். நான் அழுது அழுது விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "பொறு" என்று சொல்லித் திரும்பி நடந்தார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஆளைக் காணவில்லை. திரும்பி வந்தபோது கோட்டுப் போட்டிருந்தார். தலை படிய இழுத்திருந்தது.

"அண்ணை, ஃபோனிலை ஆர் உங்கட தலையைப் பாக்கப் போறாங்கள்?" என்று கத்தினேன்.

"பரீட்சைக்குத் தலை இழுக்காமல் போறதோ?" என்றார். கையில் ஒரு நீலக் கொப்பி இருந்தது. கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, கொப்பியை விரித்து, தொலைபேசியைக் காதில் வைத்து, "வணக்கம். இந்தத் தம்பிக்குப் பதிலா நான் சொல்லுறன். கேள்வியளைக் கேக்கலாம்" என்றார்.

கொப்பியை எட்டிப் பார்த்தேன். நடுவில் கோடு கிழித்து இரண்டு பக்கமாகப் பிரித்திருந்தார். இடப்பக்கம் டூங்காபிப் பெயர். வலப்பக்கம் டேனிஷ் பெயர். இக்காஸ்டின் ஒவ்வொரு தெரு, ஒவ்வொரு முடக்கு, ஒவ்வொரு பாலம், முத்து முத்தான தபால் கந்தோர்க் கையெழுத்தில். நாங்களெல்லாம் டென்மார்க்கில் இருந்தோம். டென்மார்க்கைத் தெரிந்து வைத்திருந்தது இவர் ஒருவர்தான்.

"வீட்டுக்குப் பின்னாடி என்ன?" திருச்சிக்காரரின் குரல் எனக்கும் கேட்டது.

"அரசாங்கப் பண்ணை. டேனிஷிலை கார்டொஃபல்மார்க், உருளைக்கிழங்குத் தோட்டம். எழுத்துக்கூட்டிச் சொல்லுறன், எழுதச் சொல்லுங்கோ."

"அந்தம்மாவும் அரசாங்கப் பண்ணைன்னுதான் சொன்னாங்க. வழியில என்ன மலை?"

"புரொஸ்பெக்ட் மலை. டேனிஷிலை கெல்கபெக்கன், பிள்ளையள் பனியிலை சறுக்கிற மேடு. ஸ்டேசனிலை இருந்து ஸ்டேஷன்ஸ்வை எண்ட தெருவாலை வந்து, ரண்டாம் முடக்கிலை இடப்பக்கம் திரும்ப வேணும். உயரத்தைச் சொல்லவோ?"

"வேணாங்க, வேணாங்க."

ஒவ்வொன்றாகப் போனது. ஓடை, பாலம், கடைத்தெரு. அங்கே மனோவிடம் கேட்கிறார்கள், இங்கே இவரிடம் கேட்கிறார்கள், கியர்ஸ்டன் தலையை ஆட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார். மனோ இடப்பக்கம் முழுவதையும் சொல்லிவிட்டாள். கவர்னர் வலப்பக்கத்தைச் சொன்னார். ஆனாலும் அந்த அதிகாரிக்கு முழுத் திருப்தி வரவில்லை. பெயர்களைக் கடிதத்தில் யாருக்கும் எழுதலாம், மனைவிக்கு மட்டும் எழுதியது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

திருச்சிக்காரர் அங்கே மனோவோடு பேசிவிட்டு வந்தார். "கடைசி கேள்வி சார். புரொஸ்பெக்ட் மலைக்கு மேற்கே என்ன?"

கவர்னர் கொப்பியைப் புரட்டினார். புரட்டிப் புரட்டி நின்றார். மேற்கே என்ன? எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தொலைபேசியில் சொன்னார்.

"ஒரு வாங்கு இருக்கு. ஆக்கள் இருக்கிற வாங்கு. நான் அதுக்குப் பேர் வைக்கேல்லை. டேனிஷிலையும் பேர் இல்லை. இந்தத் தம்பி பின்னேரத்திலை தனிய அதிலை போய் இருந்து மனிசியின்ரை கடிதம் வாசிக்கிறவன். ஒருத்தன் இருந்து அழுற இடத்துக்கு நான் என்னெண்டு பேர் வைக்கிறது?"

திருச்சிக்காரர் மொழிபெயர்க்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு அவர் கேட்டார், "அழுவாருன்னா சொன்னீங்க? அந்தம்மா அதச் சொல்லல. 'அங்க ஒரு பெஞ்சு இருக்கு, அதுல உக்காந்துதான் என் கடிதத்தப் படிப்பாரு'ன்னு மட்டும் சொன்னாங்க."

"அழுறதைக் கடிதத்திலை எழுதியிருக்க மாட்டான்" என்றார் கவர்னர்.

அந்த வாங்கைப் பற்றி எழுதியது எனக்கு மறந்துபோயிருந்தது. அவர் பார்த்தது எனக்குத் தெரிந்தே இருக்கவில்லை. கியர்ஸ்டன் தொலைபேசியை வாங்கி அதிகாரியோடு நெடுநேரம் டேனிஷில் பேசினார். கடைசியில் "தக், தக்" என்று இரண்டு தரம் நன்றி சொல்லிவிட்டு வைத்தார். எங்களைப் பார்த்துப் பெருவிரலை உயர்த்திச் சிரித்தார். மனோவையும் பிள்ளையையும் ஏற்க மாட்டோம் என்று இனி யாரும் சொல்லமாட்டார்கள்!

அந்த நிமிடம் என் நெஞ்சிலிருந்து ஒரு அம்மிக்கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகும், எந்த ஊரில் எந்தத் தொலைபேசி அடித்தாலும், அந்த நிம்மதி ஒருதரம் வந்துவிட்டுப் போகும். நான் நிலத்தில் உட்கார்ந்து குழறி அழுதேன். யோகன் கவர்னரைத் தூக்கிச் சுற்றினான். அவரோ, "இறக்கடா, கோட்டுக் கசங்குது! எத்தினை மார்க் எண்டு சொன்னாங்களோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் மனோ வந்து சேர்ந்தாள். ரயிலால் இறங்கியதும் துளசி என்னை அடையாளம் தெரியாமல் தாயின் பின்னால் ஒளிந்தாள். மனோ பெட்டியைக் கீழே வைக்கவில்லை. "முதல்லை மலையைக் காட்டுங்கோ" என்றாள்.

காட்டினேன். ஆறே எட்டு வைத்து உச்சிக்கு ஏறிவிட்டாள். மேலே நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள்.

"இதுதானோ மூச்சு வாங்கிற மலை?"

"பனிக்காலத்திலை கொஞ்சம் உயரும்" என்றேன். அன்று அவள் சிரித்த சிரிப்பு ஹேர்னிங் வரை கேட்டிருக்கும். பிறகு நாங்கள் மூவரும் மேற்கே இறங்கி, அந்த வாங்கில் போய் இருந்தோம். துளசி மெதுவாக வந்து என் மடியில் ஏறினாள்.

அந்த வருடக் கடைசியில் கவர்னரை அவுஸ்திரேலியத் தூதரகத்தில் கூப்பிட்டார்கள். கட்டடம் முழுக்க வாசலில் நின்று வழியனுப்பியது. அடுத்த நாள் தொங்கிய முகத்தோடு திரும்பி வந்தார்.

"என்ன அண்ணை, மறுத்துப்போட்டாங்களோ?"

"விசா தந்திட்டாங்கள்."

"பேந்தென்ன, முகம் தொங்குது?"

"பேரைக் கேட்டாங்கள். வருத்தம் ஏதும் இருக்கோ எண்டு கேட்டாங்கள். அக்காவின்ரை விலாசம் கேட்டாங்கள். டூங்காபியைப் பற்றி ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்விகூடக் கேக்கேல்லையடா தம்பி! கேள்வி கேட்ட பெட்டைக்கு டூங்காபி எங்கை இருக்கெண்டே தெரியாது. நான்தான் சொல்லிக் குடுத்திட்டு வந்தன்."

மனோதான் அவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்து ஆற்றினாள். "உங்கட சோதினை முந்தியே முடிஞ்சுது அண்ணை. நூற்றுக்கு நூறு" என்றாள். அவர் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தார். போகும்போது நீலக் கொப்பியை எங்களிடம் தந்துவிட்டுப் போனார். டேனிஷ் பெயர்களை அதைப் பார்த்துத்தான் நான் கடைசியில் படித்தேன். எங்கள் வீட்டில் அந்த மேட்டுக்கு இன்றுவரை புரொஸ்பெக்ட் மலை என்றுதான் பெயர்.

மூன்று மாதத்தில் டூங்காபியிலிருந்து முதல் கடிதம் வந்தது. ஒரே பக்கம்.

"தம்பி, சுகமாய் வந்து சேந்தன். ஓடை புத்தகத்திலை இருக்கிற மாதிரித்தான். புரொஸ்பெக்ட் மலைக்குப் போய்ப் பாத்தன். பாதி மலையைக் கல்லுக்காக உடைச்சுப்போட்டாங்கள். மலைக்கு மேற்கை பெரிய நீர்த்தேக்கம் இருக்கு. வாங்கு இல்லை. துளசிக்கு என்ரை அன்பைச் சொல்லு."

நான் வாசித்துவிட்டு மனோவிடம் கொடுத்தேன். அவள் வாசித்துவிட்டு உறையைத் திருப்பிப் பார்த்தாள். பார்த்தபடியே நின்றாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

இருபது வருடம் கடிதம் பிரித்த மனிதர். மற்றவர்களின் விலாசத்தில் ஒரு புள்ளி தவறினாலும் பொறுக்காத மனிதர். அனுப்பியவர் இடத்தில், முத்து முத்தான எழுத்தில், அக்கா வீட்டு இலக்கத்தையும் தெருவையும் சரியாக எழுதிவிட்டு, அதற்குக் கீழே எழுதியிருந்தார்: இக்காஸ்ட், அவுஸ்திரேலியா.

நான் பதில் எழுதும்போது விலாசத்தைச் சரியாகத்தான் எழுதினேன். ஆனால் அவர் விட்ட அந்த ஒரு பிழையை மட்டும் அவருக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.